தென்சோலைச்சிட்டின் சீட்டி

குருவி கூப்பிட்டு ஆடு போய்விட்டது என்கிற புகாரை, பறவைக் குரல்களை ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்ட குணவதிகூட அதுவரை கேட்டதில்லை.

மஞ்சப்பாறைப் பாடிக்கு அவள் வந்தது வேறு வேலையாக. எப்போதோ மூடிப்போன காப்பித் தோட்டத்தின் தொழிலாளர் குடியிருப்பு அது. தோட்டம் போனாலும் முப்பத்துச் சொச்சம் குடும்பங்கள் போகவில்லை. ஆடு வளர்த்தும் மிளகு பறித்தும் மலைமேலேயே இருந்துவிட்டார்கள். இப்போது அவர்களைச் சமவெளிக்கு இறக்கிவிட அரசு முடிவு செய்திருந்தது. காரணம், கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிற மழைமேக நிறத்துப் பறவை ஒன்று. பெயர் தென்சோலைச்சிட்டு. வேறெங்கும் இல்லாத தனி இனம் ஒன்று ஒரு காட்டில் இருப்பதாக நிரூபணமானால் அந்தக் காட்டில் மனிதர் குடியிருக்கக் கூடாது என்று புதுச் சட்டம் சொல்லிற்று. அது தனி இனம்தான் என்று நிரூபித்தது குணவதியின் ஆராய்ச்சி. எல்லைக் கல் நடுவதற்கு முன் ஒருமுறை இடத்தைப் பார்த்துவிட்டு, விசாரணை அதிகாரி முன்னால் உறுதி சொல்ல வேண்டியவளும் அவளேதான்.

ஜீப்பை விட்டு இறங்கியவளை ஒரு கிழவி மறித்துக்கொண்டாள். கையில் தொரட்டி, இடுப்பில் ஏற்றிச் செருகிய சேலை. பெயர் மாராத்தாள் என்று கூட நின்றவர்கள் சொன்னார்கள்.

"ஏனுங் அம்மிணி, நீங்கதான குருவிக்கார அம்மிணி?"

"ஆமாங்க்கா."

"அப்ப என்ற ஆட்டுக்குப் பதில் சொல்லுங். உங்க குருவி கூப்புடுதுன்னு காட்டுக்குள்ள போயிருதுங். போன வாரம் ரெண்டு உருப்படி போச்சு. செந்நாய் தின்னுபோட்டு, எனக்குன்னு கொம்ப மட்டும் வெச்சுட்டுப் போயிருக்குது."

"குருவி எப்படிங்க்கா ஆட்டைக் கூப்பிடும்?"

"நான் கூப்புடறாப்பலயே கூப்புடுது. ஆடு என்ன படிச்சிருக்குதா, இது மாராத்தா, இது குருவின்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு?"

பின்னால் நின்ற ஒருவர், "காட்டையே குருவிக்கு எழுதியாச்சு. ஆட்டையும் அதுவே மேச்சுக்கட்டும், உடு ஆத்தா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பில் இனிப்பு இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சோலைக்குள்ளிருந்து அது பாடியது. முதலில் விசுக் விசுக்கென்று இரண்டு கீச்சு. பிறகு நீளமான ஒரு சீட்டி, மூன்று படிகளில் மெல்ல இறங்கி, கடைசிப் படியில் சற்றுத் தயங்கி நின்றது.

குணவதியின் வலக்கை தானாக உயர்ந்தது. இல்லாத ஒரு தாழ்ப்பாளைத் தேடி விரல்கள் காற்றில் மடங்கின. உடுமலையில் அவள் வீட்டு வாசற்கதவின் தாழ்ப்பாள் அந்த உயரத்தில்தான் இருக்கும். மலையில் வாரக்கணக்கில் கழித்துவிட்டுத் திரும்புகிற அவள் கணவன் வெள்ளியங்கிரி, தெருமுனையிலேயே இந்தச் சீட்டியை அடித்துக்கொண்டு வருவான். மணி அடிக்கமாட்டான், பெயர் சொல்லியும் கூப்பிடமாட்டான். இது கேட்டால் அவள் போய்த் திறக்க வேண்டும். அவன் செத்து ஆறு வருடமாகிறது.

மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கின. முன்னத்தி ஆடு சோலைப் பக்கம் நடக்க, மற்றவை பின்னாலேயே கிளம்பின. மாராத்தாள் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்தாள். அதே சீட்டி, அதே மூன்று இறக்கம். ஆடுகள் நடுவழியில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தன.

"பாத்துக்கங் கூத்த" என்றாள் மாராத்தாள்.

"இதை எங்கே பழகினீங்க?"

"பழகறதென்ன, எங்க பாடியில எல்லா ஆட்டுக்கும் இதுதான். பொம்பள சீட்டியடிக்கலாமான்னு கீழ ஊர்ல கேப்பாங்க. ஆட்டுக்கு அந்த நாயமெல்லாம் தெரியாதுங்." பிறகு ஏதோ நினைவு வந்தவளாக, "எங்கிட்ட இருந்து ஒரு சாருதான் பழகிட்டுப் போனாரு. ஒசரமா, தாடி வெச்சுட்டு, கொடையைக் கவுத்தாப்பல ஒண்ணைப் புடிச்சுட்டுக் குருவிச் சத்தம் புடிக்க வருவாரு. டீத்தண்ணி குடிக்க வந்த எடத்துல இதைக் கேட்டுட்டு, ஒரு வாரம் எச்சி தெறிக்கத் தெறிக்க அடிச்சுப் பாத்தாரு. அப்பறம் என்ற ஆடே அவரு பின்னால போச்சுன்னா பாத்துக்கங். நல்ல மனுசன். இப்ப காணமே, எங்கிருக்காருங்?"

"தவறிட்டாருங்க்கா."

தன் புருஷன் என்று அவள் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு ஒரு அற்ப நினைப்பு முள்ளாகத் தைத்தது. இத்தனை வருஷம் தனக்கென்றே அவன் உண்டாக்கியது என்று நினைத்திருந்தாளே. ஆட்டைக் கூப்பிடுகிற சீட்டியில்தானா தன்னையும் கூப்பிட்டான்? சிரிப்பு வந்தது. அது பாதி வழியில் வேறொன்றாக மாறிற்று. ஆட்டுக்காரியின் சீட்டி பறவையின் வாய்க்கு எப்படிப் போனது?

அதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியைத் திறந்துவிட்டவள் அவள்.

அதே மலையில் இருந்த ஆய்வுக்கூடத்தில் இர்ஃபான் கூண்டுகளுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். மேட்டுப்பாளையத்துக்காரன், ஒலிக்கருவிப் பொறியாளன். குஞ்சுகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிற இயந்திரத்தைச் செய்தவன். அதற்கு அவன் வைத்த செல்லப் பெயர் வாத்தியார்.

"இர்ஃபான், வாத்தியார் எதைக் கேட்டுப் பாட்டுப் பழகினார்?"

"என்னக்கா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரர் பதிவுகளைத்தான். வேற ஏது? காய்ச்சல் வந்து தெக்கத்திச் சிட்டு மொத்தமும் போய்ச் சேர்ந்துச்சு. உறைய வெச்சிருந்த அதுங்க உயிரணுவைக் கொண்டு வடக்கத்திப் பெட்டைங்களை முட்டை போட வெச்சோம். குஞ்சு வந்துச்சு. பாட்டுச் சொல்லித்தர அப்பன் இல்ல. பாட்டு ரத்தத்துல வராது, காதுலதான் வரணும். அதான் வாத்தியாரை அப்பனாக்கினோம். பழகினதுல கொஞ்சத்தைச் சோலையில விட்டோம்."

"பதிவுகளை நீ முழுசாக் கேட்டியா?"

அவன் கையிலிருந்த குவளையைக் கீழே வைத்தான். "கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சட்டம் போட்டீங்க?"

அது உண்மை. இரண்டு இனங்களை ஒப்பிடும்போது காதால் கேட்கக் கூடாது என்பது அவர்கள் துறையில் பலரும் பின்பற்றுகிற ஒழுங்கு. காதுக்கு விருப்பு வெறுப்பு உண்டு. பிடித்த பறவையின் பாட்டை அது உயர்த்திச் சொல்லும். ஆகையால் குரலைக் கோடுகளாக மாற்றி, பதிவு செய்தவர் பெயரையும் இடத்தையும் மறைத்து, கோட்டோடு கோட்டை வைத்துத்தான் பார்ப்பார்கள். மலைத்தொடரை இரண்டாகப் பிரிக்கிற கணவாய்க்கு வடக்கே இருக்கும் சிட்டும் தெற்கே இருந்த சிட்டும் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள் மாதிரி. நிறத்தில் வேறுபாடு சொல்ல முடியாது. மரபணுவிலும் அவ்வளவாக இல்லை. கோட்டில் மட்டும்தான் பளிச்சென்று தெரிந்தது. தெற்கத்திப் பாட்டின் கடைசியில் மூன்று படி இறக்கம் இருந்தது, வடக்கத்திப் பாட்டில் இல்லை. அந்த மூன்று படியின் மேல்தான் அவள் ஒரு புது இனத்தையே நிறுத்தி வைத்தாள்.

ஒழுங்கு ஒரு பக்கம் இருக்கட்டும். செத்துப்போனவன் மூச்சு விடுவதைக் கேட்கத் திராணி இல்லாமல்தான் அவள் அந்த ஒழுங்கை அத்தனை இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள் என்பது இர்ஃபானுக்கும் தெரியும். அவன் அதைச் சொல்கிறவன் இல்லை.

"போடு, கேக்கலாம்" என்றாள்.

முதலில் மழைச் சொட்டு. இலை மேல் கால் வைக்கிற சத்தம். பறவை பாடியது. துள்ளலாக, சின்னதாக, சட்டென்று முடிந்துவிடுகிற பாட்டு. அப்புறம் தொடையில் பளீரென்று ஓர் அடி. அட்டை கடித்திருக்க வேண்டும். "வாடா கண்ணு, இன்னொருக்கா பாடு, அடுத்த மலைக்குக் கேக்கட்டும்" என்று வெள்ளியங்கிரியின் குரல். குணவதி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சீட்டி. மூன்று இறக்கம். பறவை மறுபடி பாடியது, தன் சின்னப் பாட்டை. மறைந்திருந்த பறவையைப் பாட வைக்க அவன் சீட்டியடித்திருக்கிறான். வடக்கே பதிவு செய்தவர்கள் வேறு; தெற்கே முழுக்க அவன்தான், ஒவ்வொரு பதிவிலும் அடித்திருக்கிறான். எந்தப் பதிவிலும் பறவை அதைத் திருப்பி அடிக்கவில்லை.

இர்ஃபான் பதிவை நிறுத்தினான். பிறகு தன்னையே வைதுகொள்கிறவன்போலச் சொன்னான்.

"மனுஷப் பேச்சை எடுத்துடுன்னு வாத்தியாருக்குச் சொல்லியிருந்தேன். அவன் பேச்சை எடுத்துட்டான். சீட்டி பேச்சு இல்லையே, விட்டுட்டான். எது சத்தமா, தெளிவா, அடிக்கடி வருதோ அதுதான் அடையாளம்னு பிடிச்சுக்கிட்டான். மைக்கைப் பிடிச்சிருக்கிறவர் அடிக்கிற சீட்டி சத்தமா இல்லாம வேற எது இருக்கும்?"

"சுருதி தாழ்வா இருந்ததே, அப்பவாவது தோணியிருக்கணும்."

"தெக்கத்தி இனம் தாழ்ந்த சுருதியில முடிக்கும்னு நீங்களே எழுதினீங்கக்கா. அதுக்குப் பாராட்டுக் கூட வந்துச்சு."

சீட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பாட்டையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று வைத்தான். கோட்டின்மேல் கோடு, நிழல் விழுந்த மாதிரிப் பொருந்திப் போயிற்று. இரண்டு இனம் என்று எப்போதும் எதுவும் இருந்ததில்லை. பிள்ளையார் பிடித்ததும் இல்லை, குரங்காய் முடிந்ததும் இல்லை. களிமண்ணே வேறு யாருடையதோ.

"அப்ப நல்லதாப் போச்சு" என்றாள் குணவதி. "ஒரே இனம்தான், தப்பு எங்களோடதுன்னு சொல்லிடலாம். பாடிக்காரங்க இருக்கிற இடத்துல இருக்கட்டும்."

"அவசரப்படாதீங்கக்கா. பெட்டைங்களைக் கேட்டுட்டுச் சொல்லுவோம்."

பெட்டையைக் கேட்பது என்றால், ஒலிபெருக்கியில் ஆண் பாட்டைப் போட்டுப் பெட்டை அதை மதிக்கிறதா என்று பார்ப்பது. எந்த ஆணைத் தன் சாதி என்று ஏற்றுக்கொள்கிறது என்பதை அதுதான் முடிவு செய்யும். ஆராய்ச்சியாளர் எழுதுவதெல்லாம் அப்புறம். வடக்கத்திப் பெட்டைக்குச் சீட்டியில்லாத பழைய பாட்டைப் போட்டார்கள். சிறகு படபடக்க ஓடி வந்தது. சீட்டியோடு போட்டார்கள். புழுவைத் தின்றுகொண்டே இருந்தது. அடுத்த கூண்டில் இங்கேயே பொரித்து, வாத்தியார் பாட்டைக் கேட்டு வளர்ந்த தெற்கத்திப் பெட்டை. அதற்குப் பழைய பாட்டைப் போட்டபோது தலையைக் கூடத் திருப்பவில்லை. சீட்டி வந்ததும் உடம்பைத் தாழ்த்தி, வால் நடுங்க, ஒலிபெருக்கியின் கம்பிவலையில் போய் ஒட்டிக்கொண்டது.

மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். மறுநாளும் பார்த்தார்கள். மாறவில்லை.

"நாம ஒரு பறவையையும் காப்பாத்தலக்கா" என்றான் இர்ஃபான். "ஒண்ணா இருந்ததை ரெண்டாக்கிட்டோம். இனி அதுங்க இதுங்களைக் கட்டாது, இதுங்க அதுங்களைக் கட்டாது."

"ஒரு சீட்டிக்காகவா?"

"ஏன், நம்ம ஊர்ல இதை விடச் சின்னதுக்கெல்லாம் கட்டாம இருக்கறதில்லையா?"

அவள் கூண்டுகளின் பக்கம் திரும்பினாள்.

"கூண்டுல பதினோரு உசுரு இருக்கு" என்று அவனே தொடர்ந்தான். "சோலையில விட்டது கொஞ்சம். இந்தக் காட்டை விட்டா அதுங்களுக்கு நாதி இல்ல. ஒண்ணுன்னு சொன்னீங்கன்னா திட்டத்தை அன்னைக்கே மூடிருவாங்க."

"ரெண்டுன்னு சொன்னா மாராத்தா ஆட்டை ஓட்டிக்கிட்டுக் கீழே இறங்கணும். அந்தச் சீட்டிக்குச் சொந்தக்காரியே அவதான்."

"உண்மை எதுவோ அதைச் சொல்லுங்க."

"எந்த நாளோட உண்மையை இர்ஃபான்? அன்னைக்கு ஒண்ணு. இன்னைக்கு ரெண்டு."

விசாரணை, பாடியின் பழைய பள்ளிக்கூட அறையில் நடந்தது. விசாரணை அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். வந்த சனங்களை உட்காரச் சொன்னார், கொடுத்த டீயைக் குடித்தார். குணவதி எழுந்து நின்று, பதிவில் கலந்த சீட்டியைப் பற்றியும், அது தன் கணவன் அடித்தது என்பதையும், அதை எடுத்துவிட்டால் பாட்டில் வித்தியாசமே இல்லை என்பதையும் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். கணவன் என்ற சொல் வந்தபோது மாராத்தாள் வாயைப் பொத்திக்கொண்டாள். குணவதி தண்ணீர் குடித்துவிட்டுப் பெட்டைகளின் சோதனைக்கு வரப்போனாள்.

அதிகாரி கையை உயர்த்தினார்.

"அம்மா, மன்னிக்கணும். எனக்கு விஞ்ஞானம் தெரியாது. என் முன்னால இருக்கிறது ரெண்டே கட்டம். தனி இனம், தனி இனம் அல்ல. ஏதாவது ஒண்ணுலதான் நான் குறி போட முடியும். நடுவுல எழுத இடமில்ல. நீங்க ஒரு வார்த்தையில சொல்லுங்க. இந்தக் குருவியும் வடக்க இருக்கிற குருவியும் ரெண்டா, ஒண்ணா?"

அறையில் ஒரு பிள்ளை அழுதது, யாரோ அதட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆடுகள் கட்டிக் கிடந்தன. சோலையிலிருந்து சீட்டி வந்தது. முன்னத்தி ஆடு கயிற்றை இழுத்தது. இன்றைய தேதிக்குச் சரியான பதில் குணவதிக்குத் தெரியும். தெரிந்த பதிலைச் சொல்வதற்குத்தான் இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினாள்.

"ஒண்ணுதாங்க" என்றாள்.

இர்ஃபான் நிமிரவில்லை. மேசையின்மேல் கிடந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பாடியில் வெடி போட்டார்கள். மாராத்தாள் குணவதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவரு சம்சாரமுன்னு ஒரு வார்த்த சொல்லீருக்கக் கூடாதா கண்ணு, ஆட்டுக்கணக்கு பேசி வெச்சுட்டனே" என்று மாய்ந்துபோனாள். "அவரு போன பொறவும் நம்மளை உட்டுக்குடுக்கல பாருங்." குணவதி சிரிக்க முயன்றாள். முன்னத்தி ஆட்டுக்கு ஒரு மணி கட்டிவிட்டதாகவும், இனி சீட்டிக்குப் பதில் மணிக்குப் பின்னால் வரப் பழக்கப் போவதாகவும் கிழவி சொன்னாள். சீட்டியைக் குருவிக்கே விட்டுக் கொடுத்துவிட்டாளாம்.

அடுத்த மாதமே உத்தரவு வந்தது. தனி இனம் அல்ல என்று தீர்மானமாகிவிட்டபடியால் வளர்ப்புத் திட்டம் மூடப்படுகிறது. கூண்டில் உள்ள பறவைகளை வடக்கு மலைக்குக் கொண்டுபோய் அங்குள்ளவற்றோடு சேர்க்க வேண்டும். ஒரே இடத்தில் விட்டால் தங்களுக்குள்ளேயே இருந்துகொள்ளும் என்பதால், சோலைக்கு ஒன்றாகப் பிரித்து விட வேண்டும்.

அவள் தொலைபேசியில் மன்றாடினாள். "சார், அதுங்க சேராதுங்க. தனியா நின்னே செத்துப்போயிரும்."

"என்னம்மா இது? ஒரே இனம்னு நீங்கதானே எல்லார் முன்னாலயும் சொன்னீங்க? சொந்தம் சொந்தத்தோட சேரத்தானே செய்யும்?" என்றது மறுமுனை. குரலில் ஏளனம் ஏதும் இல்லை. நல்லது செய்கிற திருப்திதான் இருந்தது.

கூண்டுகளுக்கு ஈரச் சாக்குப் போர்த்தி வேனில் ஏற்றினார்கள். மலைக் குளிரை விட்டு வெளியே வராத அந்தச் சாதி, எத்தனையோ ஆயிரம் வருஷமாகத் தாண்ட முடியாத கணவாயை, வெயில் கொதிக்கிற சமவெளி வழியாக ஒரே பகலில் தாண்டியது. இர்ஃபான் ஓட்டினான். வழி நெடுக அவன் பேசியது, "சாக்கு காயுது, தண்ணி தெளிங்க" என்பது மட்டும்தான்.

ஒவ்வொரு சோலையாக விட்டுக்கொண்டே போனார்கள். கடைசிக் கூண்டில் இருந்தது ஓர் ஆண். கதவைத் திறந்ததும் அது உடனே போகவில்லை. வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒரு தாவலில் போய் உயரமான கிளையில் உட்கார்ந்தது. மூடுபனிக்குள்ளிருந்து வடக்கத்திச் சிட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாடி, ஒன்றுக்கொன்று பதில் சொல்லிக்கொண்டிருந்தன. இதுவும் பாடியது. இரண்டு கீச்சு, ஒரு நீளச் சீட்டி, மூன்று இறக்கம். பாடிவிட்டுத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. மறுபடி பாடிற்று. மற்றவை தங்கள் பேச்சை நிறுத்தவும் இல்லை, இதற்குப் பதில் சொல்லவும் இல்லை. பக்கத்துக் கிளையில் ஒரு பெட்டை, புழுவைத் தேடியபடி அதன் முன்னாலேயே கடந்து போனது.

"வாங்கக்கா, பார்த்துக்கிட்டே நின்னா ஆகப்போறது ஒண்ணுமில்ல" என்று இர்ஃபான் வேனுக்கு நடந்தான்.

குணவதி நின்றாள். பொம்பளை சீட்டியடித்தால் வீடு விளங்காது என்று அவள் அம்மா சின்ன வயதில் வாயிலேயே ஒரு போடு போட்டிருக்கிறாள். அதன் பிறகு அவள் உதட்டைக் குவித்ததே இல்லை. வெள்ளியங்கிரி அடிக்கும்போதெல்லாம் போய்த் திறந்திருக்கிறாளே தவிர, ஒரு நாளும் பதிலுக்கு அடித்ததில்லை.

உதட்டைக் குவித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. நாக்கால் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி ஊதினாள். இரண்டு படி இறங்கியது, மூன்றாவது உடைந்துபோயிற்று.

கிளையில் இருந்தது அவள் பக்கம் திரும்பியது. கழுத்தை நீட்டிக் கேட்டு, கீழ்க் கிளைக்கு இறங்கியது. இன்னும் ஒரு கிளை. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்து உட்கார்ந்து, அவள் வாயையே பார்த்தது.

கூப்பிட்டவள் அவள்தான். வந்துவிட்ட அதனிடம் இனி என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.